610 என்றால் என்ன அர்த்தம், டாக்டர்?

டெல்டா பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். விஷயம் இதுதான்.

அவருடைய அம்மாவுக்கு வயது 68. பத்து வருடமாகப் பிரஷர், எட்டு வருடமாகச் சர்க்கரை. எடை 84 கிலோ, உயரம் ஐந்தடிக்கும் கொஞ்சம் குறைவு. தை மாதத்திலிருந்து நடந்தால் மூச்சு வாங்குகிறது. வடகம் காயப்போட மொட்டை மாடிக்குக் கிளம்பியவர் பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ராத்திரியில் இரண்டு தலையணை போதாமல் மூன்றாவது வைத்துப் படுக்கிறார். சாயங்காலமானால் பாதம் வீங்கி மெட்டி இறுகுகிறது.

குடும்ப டாக்டர் இசிஜி எடுத்துப் பார்த்து, "பெரிதாக ஒன்றும் தெரியவில்லை" என்றிருக்கிறார். ஆனாலும் என்டி-ப்ரோபிஎன்பி என்ற ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். செலவு 2,200 ரூபாய். வந்த எண் 610. பக்கத்திலேயே "125-க்குக் கீழ் இருக்க வேண்டும்" என்று அச்சாகியிருந்தது. இருதய டாக்டரிடம் போய் எக்கோ (இதயத்துக்கான ஸ்கேன்) எடுக்கச் சொல்லி, ஒரு வாரத்துக்கு நீர் மாத்திரையும் கொடுத்தார். இளைப்பு பாதி குறைந்துவிட்டது.

இப்போது வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. "இசிஜி நல்லா இருக்கு, இதெல்லாம் கமிஷனுக்கு எழுதுற டெஸ்ட்" என்கிறார் அண்ணன். "எங்க ஊர்ல 400-தான் கணக்கு" என்கிறார் லண்டனில் நர்ஸாக இருக்கும் சித்தி மகள். வாசகியோ கூகுளில் தேடப் போய், 'இதயச் செயலிழப்பு' என்ற சொல்லைப் பார்த்த நாளிலிருந்து சரியாகத் தூங்கவில்லை. அம்மாவிடம் "கொழுப்பு டெஸ்ட்" என்று பொய் சொல்லி வைத்திருக்கிறார்கள். எக்கோவைத் தள்ளிப்போட்டு, ஒரு மாதம் கழித்து இதே ரத்தப் பரிசோதனையை இன்னொரு முறை எடுத்தால் போதாதா, தானும் இதை எடுத்துக்கொள்ள வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்.

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த இடம் அந்த மூன்றாவது தலையணை. 610-க்கு அப்புறம் வருகிறேன். ஒரு மனுஷி ராத்திரியில் தானாகத் தலையணையை உயர்த்திக்கொள்கிறார் என்றால், மட்டமாகப் படுத்தால் அவருக்கு மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம். அதற்கு நுரையீரல், வயிற்றுப் பருமன் என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் பிரஷரும் சர்க்கரையும் கால் வீக்கமும் சேர்ந்து இருக்கும்போது முதலில் இதயத்தைத்தான் பார்க்க வேண்டும். உங்கள் டாக்டர் அதைத்தான் செய்திருக்கிறார்.

இதயம் நின்றுவிடுமா?

இந்த 'செயலிழப்பு' என்ற சொல்லோடு எனக்கு நீண்டநாள் சண்டை. கேட்கிறவர் இதயம் நின்றுவிட்டது, அல்லது நாளைக்கே நிற்கப்போகிறது என்று நினைத்துக்கொள்கிறார். அப்படி இல்லை. உடம்புக்குத் தேவையான அளவு ரத்தத்தை இதயத்தால் சிரமமில்லாமல் அனுப்ப முடியவில்லை, அதனால் நுரையீரலிலும் காலிலும் நீர் தேங்குகிறது, அவ்வளவுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள். இது மாரடைப்பும் இல்லை. மாரடைப்புக்குப் பார்க்கும் ட்ரோபோனின் பரிசோதனை வேறு, இது வேறு. லேசாக எடுத்துக்கொள்ளக் கூடிய நோய் என்று நான் சொல்லவில்லை. திருவனந்தபுரத்தில் 2013-ல் 18 மருத்துவமனைகளில் இந்த நோயோடு சேர்க்கப்பட்ட 1,205 பேரைப் பதிவு செய்து தொடர்ந்து பார்த்தார்கள். அவர்களின் சராசரி வயது 61-தான். மேல்நாடுகளைவிட நம் பக்கத்தில் இது ஏறக்குறைய பத்து வருடம் முன்னதாகவே வந்துவிடுகிறது. ஆனால் அவர்கள் ஆஸ்பத்திரியில் படுக்கும் அளவுக்கு முற்றியவர்கள். நடந்து வந்து டாக்டரைப் பார்க்கும் உங்கள் அம்மாவின் நிலை வேறு.

சரி, அந்த எண்ணுக்கு வருவோம். இதயத்தின் கீழறைச் சுவர் இழுபட்டு விரியும்போது அந்தத் தசை பிஎன்பி என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது சிறுநீரகத்துக்குப் போய் உப்பையும் தண்ணீரையும் வெளியே தள்ளச் சொல்கிறது. இதயம் தனக்குத் தானே தயாரித்துக்கொள்ளும் நீர் மாத்திரை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1988-ல் ஜப்பானியர்கள் இதை முதலில் பன்றியின் மூளையில் கண்டுபிடித்ததால் மூளையின் ஆங்கில முதலெழுத்தான 'பி' பெயரில் ஒட்டிக்கொண்டது. பிற்பாடுதான் இது முக்கியமாகச் சுரப்பது இதயத்தில் என்று தெரிந்தது. பெயரை யாரும் மாற்றவில்லை. அந்த ஹார்மோன் உருவாகும்போது வெட்டுப்பட்டு விழும் துண்டுதான் என்டி-ப்ரோபிஎன்பி. ரத்தத்தில் கொஞ்சம் கூடுதல் நேரம் தங்குவதால் அளக்க வசதி. வெறும் வயிறு தேவையில்லை.

125-ஆ, 400-ஆ?

உங்கள் சித்தி மகள் சொன்னதும் சரி, லேப் தாளில் இருப்பதும் சரி. ஐரோப்பிய இருதய மருத்துவச் சங்கம் வெளிநோயாளிகளுக்கு 125-ஐ எல்லையாக வைக்கிறது. அதற்குக் கீழே இருந்தால் இதயச் செயலிழப்பு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 400 என்கிறது. 400 முதல் 2,000 வரை இருந்தால் ஆறு வாரத்துக்குள் நிபுணரைப் பார்த்து எக்கோ எடுக்க வேண்டும். 2,000-க்கு மேல் போனால் இரண்டு வாரத்துக்குள். எல்லையை 125-ல் வைத்தால் நோயாளி யாரும் தவறிப்போவது அரிது, ஆனால் நோயில்லாத பலரும் எக்கோ வரிசையில் நிற்பார்கள். 400-ல் வைத்தால் வரிசை குறையும், சிலர் தவறிப்போவார்கள். ஐரோப்பிய நிபுணர்கள் இப்போது வயதையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்: 50 வயதுக்குள் 125, 50 முதல் 75 வரை 250, அதற்கு மேல் 500. பிரிட்டன் தாளில் நானோகிராம்/லிட்டர் என்றும் நம் தாளில் பிகோகிராம்/மில்லி என்றும் இருக்கும். அலகு வேறானாலும் எண் ஒன்றுதான், குழப்பம் வேண்டாம்.

உங்கள் அம்மாவின் 610 இந்த மூன்று கணக்கையும் தாண்டி நிற்கிறது. அதனால் 125-ஆ 400-ஆ என்ற வாக்குவாதம் உங்கள் வீட்டுக்குத் தேவைப்படாத ஒன்று.

இன்னொன்றையும் கவனியுங்கள். உடல் பருமன் உள்ளவர்களுக்கு இந்த எண் குறைவாகத்தான் காட்டும். உங்கள் அம்மாவின் எடைக்கு 610 என்பது, ஒல்லியான ஒருவரின் 610-ஐவிடக் கூடுதலாக மதிக்க வேண்டியது. எதிர்ப்பக்கமாக ஏற்றிக்காட்டும் விஷயங்களும் உண்டு. சிறுநீரகம் மந்தமாக வேலை செய்தால், நாடித்துடிப்பு தாறுமாறாக ஓடினால், நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்தால், ஏன், வயதானாலே கூடும். நீங்கள் அனுப்பிய தாள்களில் சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியேட்டினின் பரிசோதனை இல்லை. எட்டு வருடச் சர்க்கரைக்காரருக்கு அது கட்டாயம் வேண்டும். கூடவே ஹீமோகுளோபின், தைராய்டு, சோடியம், பொட்டாசியம். ரத்தசோகையே மூச்சு வாங்க வைக்கும், அதைப் பார்க்காமல் இதயத்தை மட்டும் பார்ப்பதில் பயனில்லை.

ஆக, அம்மாவுக்கு இதயச் செயலிழப்பு இருக்கிறதா என்ற உங்கள் கேள்விக்கு நேர் பதில்: இருக்கலாம், 610 அதை உறுதிப்படுத்தவில்லை. 'இல்லை' என்று சொல்வதில் இந்தப் பரிசோதனை கெட்டிக்காரன். 'ஆமாம்' என்று சொல்ல அதற்கு எக்கோவின் துணை வேண்டும். அம்மா கையில் இருப்பது எக்கோ அறைக்கான டோக்கன்.

இசிஜியைப் பற்றி அண்ணனிடம் ஒன்று சொல்லுங்கள். இசிஜி முழுக்க நார்மலாக இருந்தால் சந்தேகம் குறையும், உண்மைதான். ஆனால் உங்கள் டாக்டர் சொன்னது "பெரிதாக ஒன்றும் தெரியவில்லை". அது வேறு வாக்கியம். நார்மல் இசிஜியோடு விறைத்துப்போன இதயம் இருக்க முடியும், அதைப் பின்னால் விளக்குகிறேன்.

கமிஷன் சந்தேகம்

நம் ஊரில் இந்தச் சந்தேகம் வருவதற்கு நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மூச்சிரைப்பும் கால் வீக்கமும் உள்ளவருக்கு எக்கோவுக்கு முன்னால் இந்தப் பரிசோதனை செய்வதுதான் உலகம் முழுக்க நடைமுறை. அதை எழுதியதற்காக அவரைச் சந்தேகப்படாதீர்கள்.

எனக்கு ஒரு சின்ன மாற்றுக் கருத்து உண்டு. பிரிட்டனில் இந்தப் பரிசோதனை இவ்வளவு பரவியதற்கு எக்கோவுக்கான நீண்ட வரிசை ஒரு காரணம். யாரை முன்னால் அனுப்புவது என்று பிரிக்க ஒரு ரத்தப் பரிசோதனை தேவைப்பட்டது. நம் மாவட்டத் தலைநகரங்களில் பல இடங்களில் எக்கோ அன்றன்றே எடுத்துவிடலாம். சில இடங்களில் நீங்கள் கொடுத்த 2,200-ஐவிடக் குறைவாகவே முடிந்துவிடும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அந்தச் செலவும் இருக்காது. மூன்று தலையணை வைத்துப் படுக்கும் ஒருவரை நானாக இருந்தால் நேராக எக்கோவுக்கே அனுப்பியிருப்பேன். ஆனால் இரண்டு பஸ் மாறி, ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் போக வேண்டிய குடும்பத்துக்கு, போகத் தேவையில்லை என்று உள்ளூரிலேயே சொல்லிவிடக்கூடிய ஒரு பரிசோதனை பெரிய உதவி. அவர் உங்கள் பயணத்தை மிச்சப்படுத்தத்தான் முயன்றிருக்கிறார். எண் கூடிப்போனதால் மிச்சமாகவில்லை.

இருந்தாலும் மனசு ஒப்பவில்லை என்றால் இன்னொரு டாக்டரைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் வரைந்த நோயாளிகளின் உரிமைச் சாசனத்தில் இரண்டாவது கருத்து கேட்கும் உரிமையும், எந்த லேபில் பரிசோதனை செய்வது என்று நீங்களே தேர்ந்தெடுக்கும் உரிமையும், ரிப்போர்ட்டுகளைக் கேட்டுப் பெறும் உரிமையும் இருக்கின்றன. உங்கள் டாக்டர் எந்த எக்கோ சென்டருக்கு எழுதிக் கொடுத்தாலும் அங்கேதான் போக வேண்டும் என்று கட்டாயமில்லை.

ஒரு மாதம் கழித்து மறுபடியும் பார்த்தால்?

வேண்டாம். நீர் மாத்திரை சாப்பிட்டு உடம்பில் தேங்கிய நீர் வடிந்ததும் இந்த எண் தானாக இறங்கும். 610 என்பது 300 ஆகும். நீங்கள் 'குணமாகிவிட்டது' என்று நினைத்துக்கொள்வீர்கள். உள்ளே என்ன கோளாறு என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். நீர் மாத்திரையால் இளைப்பு பாதி குறைந்தது நல்லதுதான், ஆனால் அதுவே உடம்பில் நீர் தேங்கியிருந்தது என்பதற்கு ஒரு சாட்சி.

இதை நான் புத்தகத்திலிருந்து மட்டும் சொல்லவில்லை. இருபது வருடத்துக்கு முன்னால் தையல் வேலை செய்யும் ஓர் அம்மா இளைப்போடு வந்தார். நெஞ்சில் விசில் சத்தம். ஆஸ்துமா என்று முடிவுகட்டி இரண்டு மாதம் இன்ஹேலர் கொடுத்தேன். ஒருநாள் காய்ச்சலுக்கு ஊசி போட வந்தவர் செருப்பைக் கழற்றும்போது பார்த்தேன், வார் பதிந்த தடம் பாதத்தில் பள்ளமாக நின்றது. கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அமுக்கினேன், குழி விழுந்தது, சீக்கிரம் மேலே எழவில்லை. இரண்டு மாதமாக அவர் காலை நான் பார்க்கவே இல்லை. அன்றைக்கு இந்த ரத்தப் பரிசோதனை எங்கள் ஊர்ப் பக்கம் கிடையாது, ஆனால் கட்டைவிரல் இருந்தது.

நைஸ் கணக்குப்படி 610-க்கு ஆறு வாரம் அவகாசம். உங்கள் அம்மா படுக்கும் விதத்தைப் பார்த்தால் நான் அவ்வளவு காத்திருக்க மாட்டேன். அடுத்த வாரத்துக்குள் போய்விடுங்கள். எக்கோ என்றால் ஆஞ்சியோ இல்லை. ஊசி கிடையாது, வலி கிடையாது. கர்ப்பிணிக்கு வயிற்றில் ஜெல் தடவி ஸ்கேன் எடுப்பதுபோல நெஞ்சில் எடுப்பார்கள்.

அதுவரை வீட்டில்

மருந்துச் சீட்டின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கடிதத்தையும் சேர்த்து மூன்று விஷயம் கண்ணில் பட்டது. முதலாவது, சர்க்கரைக்கான மூன்று மருந்துக் கலவை மாத்திரையில் பயோகிளிட்டசோன் இருக்கிறது. அது உடம்பில் நீரைத் தேக்கும். இதயச் செயலிழப்பு சந்தேகம் வந்தவுடன் அதை மாற்றுவதுதான் வழக்கம். இரண்டாவது, பிரஷருக்கு அம்லோடிபின் 10 மில்லிகிராம். இதயம் நன்றாக இருந்தாலும் அந்த அளவில் கால் வீங்கும், ஆகவே வீக்கத்தில் கொஞ்சம் பங்கு அதற்கும் இருக்கலாம். ஆனால் அம்லோடிபின் 610-ஐ விளக்காது, மூன்றாவது தலையணையையும் விளக்காது. இந்த இரண்டையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். நாளைக்கே டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள்.

மூன்றாவதை மட்டும் இன்றைக்கே நிறுத்தலாம். மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கிப் போடும் மாத்திரை. டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் உப்பையும் நீரையும் தேக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். வலிக்குப் பாராசிட்டமால் போதுமா என்று பாருங்கள்.

காலையில் பாத்ரூம் போய் வந்ததும், சாப்பிடுவதற்கு முன்னால் எடை பார்த்து காலண்டர் தாளில் குறித்து வையுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் அது சதை இல்லை, நீர். உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். சமையலில் உப்பைக் குறைத்துவிட்டு ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய் என்று பக்கத்தில் வைத்தால் கணக்கு அங்கேயே ஏறிவிடும். வடகத்தையும் இந்தப் பட்டியலில் சேர்க்க வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், மயங்கினால், இருமும்போது இளஞ்சிவப்பாக நுரை வந்தால் எக்கோ தேதிக்குக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

எக்கோ 'நார்மல்' என்று வந்தால்

இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் அம்மா விஷயத்தில் இது நடக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. எக்கோ தாளில் எல்லோரும் தேடுவது 'இஎஃப்' என்ற சதவீதத்தை, அதாவது கீழறையில் இருக்கும் ரத்தத்தில் ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு வெளியே போகிறது என்ற கணக்கை. 40 அல்லது அதற்குக் கீழே என்றால் இதயம் பிழியும் சக்தி குறைந்துவிட்டது. 60 என்று வந்தால் "நார்மல், வீட்டுக்குப் போகலாம்" என்று கிளம்பிவிடுவார்கள். ஆனால் பிழியும் சக்தி நன்றாக இருந்தும் சுவர் விறைத்துப்போய், தளர்ந்து ரத்தத்தை வாங்கிக்கொள்ள முடியாத இதயமும் உண்டு. பிரஷர், சர்க்கரை, பருமன் மூன்றும் உள்ள வயதான பெண்களிடம் அடிக்கடி பார்ப்பது இந்த வகையைத்தான். அதனால் இஎஃப் 60 என்று வந்தால், "அம்மாவின் 610-க்கும் மூச்சிரைப்புக்கும் அப்போது என்ன காரணம், இடது மேலறை பெரிதாகியிருக்கிறதா?" என்று கேளுங்கள். தயங்க வேண்டாம்.

இந்த வகைக்கு வெகு காலம் சரியான மருந்து இல்லை என்ற நிலை இருந்தது. 2021-லும் 2022-லும் வந்த பெரிய ஆய்வுகளில் எம்பாகிளிஃப்லோசின், டாபாகிளிஃப்லோசின் என்ற சர்க்கரை மருந்துகள், இந்த வகை நோயாளிகள் ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நிலையைக் குறைப்பது தெரிந்தது. இப்போது நம் நாட்டில் பல கம்பெனிகள் தயாரிப்பதால் விலையும் இறங்கியிருக்கிறது. உங்கள் அம்மாவுக்குச் சர்க்கரையும் இருப்பதால், பயோகிளிட்டசோனை எடுத்துவிட்டு இதில் ஒன்றைக் கொடுக்கலாமா என்று இருதய டாக்டர் யோசிக்கக்கூடும். சிறுநீரக ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.

உங்களுக்கும் அண்ணனுக்கும்

உங்களுக்கு 41 வயது, பிரஷர் இல்லை, சர்க்கரை இல்லை, மூச்சு வாங்கவும் இல்லை. உங்களுக்கு இந்தப் பரிசோதனை வேண்டாம். மாஸ்டர் செக்கப் பேக்கேஜில் 'ஹார்ட் ப்ரொஃபைல்' என்று சேர்த்து விற்றாலும் வேண்டாம். அந்தப் பணத்துக்கு வீட்டில் ஒரு பிரஷர் கருவி வாங்குங்கள்.

அண்ணன் கதை வேறு. ஆறு வருடமாகச் சர்க்கரை என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அயர்லாந்தில் பிரஷர், சர்க்கரை போன்ற ஆபத்துக் காரணிகள் உள்ள 40 வயதுக்கு மேற்பட்ட 1,374 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது, 2013-ல் முடிவு வெளியானது. ஒரு பாதிப் பேருக்கு பிஎன்பி பார்த்து, கூடியவர்களுக்கு மட்டும் எக்கோவும் தீவிர கவனிப்பும் கொடுத்தார்கள். நான்கு வருடத்துக்குச் சற்று அதிகமான காலத்தில், இதயக் கீழறை பலவீனமோ இதயச் செயலிழப்போ வந்தவர்கள் அந்தப் பாதியில் 5.3 சதவீதம், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 8.7 சதவீதம். அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் 2022-லிருந்து சர்க்கரைக்காரர்களுக்கு வருடம் ஒருமுறை இதைப் பார்க்கலாம் என்கிறது. கமிஷன் டெஸ்ட் என்று சொன்னவருக்கே இது பயன்படக்கூடும் என்பதைக் கொஞ்சம் பதமாகச் சொல்லுங்கள். எண் கூடினால் அடுத்த அடி எடுத்து வைக்கத் தயாராக இருந்தால் மட்டும் பார்க்கட்டும். பார்த்துவிட்டுப் பீரோவில் வைப்பதற்கு வேண்டாம்.

அம்மாவிடம் சொல்வது

கடிதத்தில் நீங்கள் கேட்காத கேள்வி இது. உடம்பு அவருடையது. தனக்கு என்ன பரிசோதனை செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்குத்தான் முதலில். உரிமையை விடுங்கள், காரியமும் நடக்காது. கொழுப்பு டெஸ்ட் என்று நம்புகிறவர் எதற்காகத் தினமும் எடை பார்ப்பார், எதற்காக ஊறுகாயை விடுவார்? மூட்டுவலி மாத்திரையை ஏன் நிறுத்த வேண்டும் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? 'செயலிழப்பு' என்ற சொல்லை எடுக்க வேண்டாம். "அம்மா, இதயம் கொஞ்சம் சிரமப்படுதோன்னு டாக்டருக்குச் சந்தேகம், ஸ்கேன் எடுத்துப் பார்த்துட்டு மருந்து கொடுக்கப் போறாங்க" என்று சொன்னால் போதும். படியில் பாதியில் உட்கார்ந்தவருக்கு இது முழுக்கப் புதுச் செய்தியாக இருக்காது.

எக்கோவுக்குப் போகும்போது பழைய இசிஜி, 610 தாள், எடை குறித்த காலண்டர் தாள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரைகளின் பெயரை எழுதிக்கொண்டு போவதைவிட, அட்டைகளையே ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுபோங்கள். சீட்டில்லாமல் வாங்கினதும் அதில் இருக்கட்டும். முடி கொட்டாமலிருக்க அம்மாவோ வேறு யாரோ வாங்கி வைத்த பயோட்டின் மாத்திரை இருந்தால் அதையும் சொல்லுங்கள். அதிக அளவில் சாப்பிட்டால் சில கருவிகளில் இந்த எண்ணைக் குறைத்துக் காட்டும்.